புற்றுநோய் ஊசி போட்டவருக்குச் சளி ஜுரம் வந்தால்?

திருப்பூரில் இருமல் ஒரு செய்தியே அல்ல. நூல் மில்லில் இருமுகிறார்கள். நிட்டிங் கம்பெனியில் இருமுகிறார்கள். பவர் டேபிளில் குனிந்து தைக்கும் டெய்லரும் இருமுகிறார்; அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிசிறு வெட்டும் பெண்ணும் இருமுகிறாள். பஞ்சுத் தூசி தொண்டையில் படிந்தால் இருமல் வரத்தானே செய்யும்! நூல் மில் தொழிலாளர்களில் சிலருக்கு, வார விடுமுறை கழிந்து மறுபடி வேலைக்குப் போகும் முதல் நாள் நெஞ்சு இறுகும். மறுநாள் சற்றுத் தணியும். வைத்திய நூல்கள் இதற்குப் 'பிஸினோஸிஸ்' என்று பெயர் கொடுத்திருக்கின்றன. மில் தொழிலாளி அதற்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை. ஒரு டம்ளர் சுக்குக் காப்பி, மெடிக்கல் ஷாப்பில் நாலு மாத்திரை, அதோடு அடுத்த ஷிப்ட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்.

ஆனால், அந்தக் கூட்டத்தில் ஒருவர் இருமினால் மட்டும் அது பெரிய செய்தி. அவர் யார்? புற்றுநோய்க்காக 'இம்யூனோதெரப்பி' என்னும் புது சிகிச்சை பெற்று வருபவர். சில வருஷங்களுக்கு முன்புவரை இப்படிப்பட்ட நோயாளி பெரிய பட்டணங்களில், அதுவும் பணக்கார வீடுகளில்தான் இருந்தார். இப்போது அனுப்பர்பாளையத்திலும் பல்லடத்திலும் அவிநாசியிலும் அவர் இருக்கலாம். அவருக்கு வரும் சாதாரணச் சளி ஜுரத்தை யார் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்பதற்கு ஊர் இன்னும் தயாராகவில்லை.

செக்கிங் மேஜையும் ரத்த அணுக்களும்

இந்தச் சிகிச்சை என்ன செய்கிறது? பனியன் கம்பெனிக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம்.

ஒவ்வொரு கம்பெனியிலும் செக்கிங் மேஜை உண்டு. ஓட்டை விழுந்த துணி, கறை பட்ட துணி, தையல் விட்ட துணி எல்லாவற்றையும் அங்கே கழித்து ஒதுக்குகிறார்கள். உடம்பிலும் அப்படியொரு செக்கிங் படை ஓயாமல் சுற்றி வருகிறது. 'டி' அணுக்கள் என்று அதற்குப் பெயர். கிருமி புகுந்த அணு, கெட்டுப்போன அணு எதுவாயிருந்தாலும் அது கண்டுபிடித்து அழித்துவிடும். ஆனால் கண்டதையெல்லாம் கழித்துக்கொண்டே போனால் கம்பெனி என்னாவது? ஆகவே, 'போதும், நிறுத்து' என்று சொல்ல ஒரு சூப்பர்வைசரும் இருக்கிறார். ஜப்பானியரான தசுகு ஹோஞ்சோ 1992-ல் கண்டெடுத்த 'பி.டி.-1' என்பது அப்படிப்பட்ட ஒரு நிறுத்தற்கட்டைதான். அமெரிக்கரான ஜேம்ஸ் ஆலிசன் 'சி.டி.எல்.ஏ.-4' என்னும் இன்னொரு கட்டையைப் பிடித்து ஆராய்ந்தார். இருவருக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது.

புற்று செய்யும் மோசடி இதுதான்: சூப்பர்வைசரைக் கையில் போட்டுக்கொள்கிறது. செக்கிங் படை எதிரில் வந்து நின்றாலும், 'இது நல்ல சரக்கு, விட்டுவிடு' என்று உத்தரவு பிறக்கிறது. புது மருந்து சூப்பர்வைசரின் வாயை அடைக்கிறது. படைக்கு மறுபடி கண் திறக்கிறது. பழைய கீமோதெரப்பி மருந்துபோல இது புற்றை நேராகத் தாக்குவதில்லை. உடம்பின் சொந்தப் படையையே ஏவிவிடுகிறது. இபிலிமுமாப் என்னும் மருந்துக்கு 2011-லும், பெம்ப்ரோலிஸுமாப், நிவோலுமாப் ஆகியவற்றுக்கு 2014-லும் அமெரிக்க அரசாங்கம் அனுமதி கொடுத்தது.

ஆனால் சூப்பர்வைசர் வாயடைத்த கம்பெனியில் சில நாள் நல்ல சரக்கும் கழிபடும். தைராய்டு, குடல், தோல், ஈரல் என்று எதையாவது படை தாக்கலாம். நுரையீரலையும் தாக்கலாம். அதுதான் இங்கே விஷயம். ஆராய்ச்சிகளில் இந்த மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேருக்கு நுரையீரல் இப்படி வெந்துபோயிருக்கிறது. நுரையீரல் புற்று உள்ளவர்களிடம் இது இன்னும் அதிகம். மருந்து ஏறிய சில நாளிலும் வரலாம். ஒரு வருஷம் கழித்தும் வரலாம். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தலைகாட்டுகிறது. சிகிச்சையை நிறுத்தின பிறகும் அபாயம் உடனே விலகிவிடுவதில்லை. கடைசி ஊசி போட்டுச் சில மாதம் ஆனவரும் இந்தக் கணக்கில் சேர்த்திதான்.

இருபது மில்லிகிராம் திறந்த கதவு

இவ்வளவு விலையுள்ள மருந்து தொழிலாளர் வீட்டுக்கு எப்படி வந்தது? பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனை டாக்டர்கள் ஒரு துணிந்த காரியம் செய்தார்கள். நிவோலுமாப் மருந்தை வழக்கமாக ஒரு தடவைக்கு 240 மில்லிகிராம் ஏற்றுகிறார்கள். அவர்கள் மூன்று வாரத்துக்கு ஒரு முறை வெறும் 20 மில்லிகிராம் ஏற்றிப் பார்த்தார்கள். வாய், தொண்டைப் பகுதிப் புற்று முற்றிய 151 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு விலை குறைந்த மாத்திரைகள் மட்டும். மறு பிரிவுக்கு அவற்றோடு இந்தச் சிறு ஊசியும். ஒரு வருஷம் கழித்து, மாத்திரை மட்டும் உண்டவர்களில் நூற்றுக்கு 16.3 பேர் உயிரோடிருந்தார்கள். ஊசியும் பெற்றவர்களில் 43.4 பேர் இருந்தார்கள். 2022 இறுதியில் வெளியான இந்த முடிவு உலக வைத்தியர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. ஏழை நாடுகளில் இத்தகைய சிகிச்சை நூற்றுக்கு ஒருவர் முதல் மூவருக்கே எட்டுகிறது என்று அந்த டாக்டர்களே எழுதியிருந்தார்கள்.

மத்திய அரசாங்கமும் 2024 ஜூலை பட்ஜெட்டில் மூன்று புற்றுநோய் மருந்துகளுக்குச் சுங்க வரியை நீக்கியது. அவற்றில் டுர்வாலுமாப் இந்த வகை மருந்துதான்.

வாய்ப் புற்று என்றதும் பனியன் தொழிலாளர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். விடிய விடிய ஷிப்ட் பார்ப்பவர் தூக்கம் கலைய எதை வாயில் அடக்கிக்கொள்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013-லேயே தடை வந்துவிட்டது. பெட்டிக்கடைகளுக்கு அந்தச் செய்தி இன்னும் முழுசாகப் போய்ச் சேரவில்லை போலும்!

எது கிருமி, எது மருந்து?

ஒரு கட்டிங் மாஸ்டர் என்று வைத்துக்கொள்வோம். வயது ஐம்பத்தைந்து. வாயில் புற்று வந்து, ஆபரேஷன் ஆகி, கரண்ட் சிகிச்சையும் ஆகி, மறுபடி நோய் தலைகாட்டியது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை கோயமுத்தூர் போய் ஊசி ஏற்றிக்கொள்கிறார். காலையில் ரெயிலேறினால் சாயங்காலம் வீடு. முடி கொட்டவில்லை, வாந்தி இல்லை. பார்ப்பவர்களுக்கு அவர் நோயாளியாகவே தெரிவதில்லை. பாதி நாள் கம்பெனிக்கும் போகிறார்.

ஐப்பசி மழையில் பேரனுக்குச் சளி பிடிக்கிறது. நாலாம் நாள் தாத்தாவுக்கும் இருமல், ஜுரம், மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இதற்குக் காரணம் என்ன?

இன்புளூயன்ஸா வைரஸாக இருக்கலாம். கொரோனாவாக இருக்கலாம். 2025 ஜனவரியில் சென்னையிலும் சேலத்திலும் ஒவ்வொருவருக்குக் கண்டு நாடெங்கும் பரபரப்பாய்ப் பேசப்பட்ட எச்.எம்.பி.வி. போன்ற பழைய வைரஸாக இருக்கலாம். அல்லது வைரஸே இல்லாமல், ஏவிவிட்ட சொந்தப் படையே நுரையீரலை வேகவைத்துக்கொண்டிருக்கலாம். அவர் சாப்பிடும் மாத்திரைகளில் மெதோட்ரெக்ஸேட் இருந்தால் அதுவும் சில சமயம் நுரையீரலைப் புண்ணாக்கும். நம் தேசத்தில் க்ஷயத்தையும் மறந்துவிட முடியாது. இவற்றில் பலவற்றுக்கும் குறி ஒன்றே. ஸி.டி. ஸ்கேன் எடுத்தால் வைரஸ் நோயிலும் மருந்தால் வந்த நோயிலும் தேய்த்த கண்ணாடிபோல ஒரே மாதிரி மங்கல். தேர்ந்த நிபுணரே தயங்குவார்.

குறி ஒன்று, சிகிச்சையோ எதிரும் புதிருமானது. மருந்தால் வந்த வேக்காட்டுக்கு ஸ்டீராய்டை நிறைய, உடனே கொடுக்க வேண்டும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. இன்புளூயன்ஸாவாக இருந்தால் ஓஸெல்டாமிவிர் மாத்திரையை, ஜுரம் கண்ட 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். கொரோனாவிலும் இதே பாடம்தான். 2020 ஜூனில் வெளிவந்த இங்கிலாந்து ஆராய்ச்சியில், பிராணவாயு தேவைப்பட்டவர்களை டெக்ஸாமெத்தஸோன் காப்பாற்றியது. தேவைப்படாதவர்களுக்கு அதனால் நன்மை எதுவும் தெரியவில்லை.

இந்த இடத்தில்தான் ஊர் வழக்கம் குறுக்கே வருகிறது. இருமலோடு வருபவருக்கு ஒரு ஊசி போட்டு அனுப்புவது பல இடங்களில் வழக்கம். 'அந்த டாக்டர் ஊசி போட்டால் சாயங்காலமே ஜுரம் விட்டுவிடும்' என்று பேர் வாங்கின ஊசி அது. அதில் சில இடங்களில் டெக்ஸாமெத்தஸோனும் சேர்ந்திருக்கும். கட்டிங் மாஸ்டர் போட்டுக்கொள்கிறார். ஜுரம் விடுகிறது, இருமலும் அடங்குகிறது. வைரஸ் என்றால் அது மறைவில் பெருகுகிறது. மருந்தின் வேக்காடு என்றால் ஒரு நாள் ஊசியில் அரைகுறையாய் அடங்கி, நாலாம் நாள் இரட்டிப்பாய்க் கிளம்புகிறது. கோயமுத்தூர் டாக்டரிடம் போகும்போது ஆதியில் என்ன நோய் இருந்தது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. ஊசி போட்டவர் பேரில் பழி சொல்லிப் பயனில்லை. வந்தவர் புற்றுநோய்க்காரர் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? நோயாளியும் சொல்லவில்லை. அது வேறு வியாதி, இது வேறு சளி என்றல்லவா நினைத்திருந்தார்!

கொரோனா சொன்ன சாட்சி

இந்த மருந்து பெற்றவரை வைரஸ் அதிகமாகத் தாக்குமா என்பது தனிக் கேள்வி. படையை ஏவிவிட்ட உடம்பு கிருமியை நன்றாக எதிர்க்குமென்று சிலர் சொன்னார்கள். இல்லை, படை வெறிபிடித்து நுரையீரலைச் சேர்த்துக் கொளுத்திவிடும் என்று சிலர் பயந்தார்கள். 2020-ல் கொரோனா வந்து இந்த வழக்கை விசாரித்துத் தீர்த்தது.

மார்புப் பகுதிப் புற்றுள்ளவர்களுக்குக் கொரோனா கண்டபோது பல நாட்டு டாக்டர்கள் சேர்ந்து ஒரு பதிவேடு வைத்தார்கள். முதல் 200 பேரில் 66 பேர் இறந்தார்கள். மூன்றில் ஒருவர்! பயங்கரமான கணக்குத்தான். ஆனால் நியூயார்க்கில் நுரையீரல் புற்றுள்ள 69 கொரோனா நோயாளிகளைத் தனியே ஆராய்ந்தபோது, பி.டி.-1 மருந்து பெற்றிருந்ததால் நோய் கடுமையானதாகத் தெரியவில்லை. வயது, புகைப் பழக்கம், ஏற்கெனவே கெட்டுப்போன நுரையீரல் இவையே ஆளைச் சாய்த்தன. இம்யூனோதெரப்பி மருந்து குற்றவாளி அல்ல. ஆனால் அதன் பக்க விளைவை அடக்க வாரக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டு வருபவர் நிலைமை வேறு. அவருடைய எதிர்ப்புச் சக்தி உண்மையிலேயே குறைந்துவிட்டது. ஒரே வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் இருக்கும் இருவருக்கு, ஒரே ஊசி பெற்றும், ஆபத்து ஒன்றல்ல.

ஆகவே 'ஊசியை நிறுத்திவிட்டால் சளி வராது' என்று உறவினர் சொல்லும் யோசனை தவறு. ஜுரம் இருக்கிற வாரம் மட்டும் டாக்டர் அடுத்த ஊசியைத் தள்ளிப்போடுவார். அதை முடிவு செய்ய வேண்டியவர் அவரே. பக்கத்து வீட்டுக்காரர் அல்ல.

தடுப்பூசி போடலாமா?

இதில் ஒரு காலம் வைத்தியர்களே குழம்பினார்கள். ஏவிவிட்ட படைக்கு இன்புளூயன்ஸா தடுப்பூசியும் போட்டால் அது தறிகெட்டு ஓடாதா? ஸ்விட்ஸர்லாந்தில் தடுப்பூசி பெற்ற 23 நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பக்க விளைவு கண்டதாக 2018-ல் ஒரு கட்டுரை வந்தது. பயம் பரவிவிட்டது. பிறகு நியூயார்க்கில் 370 பேரின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். அப்படி ஒன்றும் இல்லை. கொரோனா தடுப்பூசி வந்தபோது இஸ்ரேலில் 134 பேரைக் கவனித்தார்கள். புதிதாகப் படை வெறி எதுவும் கிளம்பவில்லை. 23 பேரை வைத்து எழுந்த பயம் 370 பேரை வைத்துத் தணிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் பயம் ஓடுகிற வேகத்தில் நல்ல செய்தி ஓடுவதில்லை. இன்றைக்கும் 'புற்றுநோய்க்காரருக்குத் தடுப்பூசியா, வேண்டவே வேண்டாம்' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

2025 அக்டோபரில் இன்னும் வியப்பான சேதி வந்தது. அமெரிக்காவில் முற்றிய நுரையீரல் புற்றுக்கு இந்தச் சிகிச்சை பெற்றவர்களில், சிகிச்சை தொடங்கியதை ஒட்டி நூறு நாளுக்குள் எம்.ஆர்.என்.ஏ. வகைக் கொரோனா தடுப்பூசியும் போட்டுக்கொண்டவர்கள் நடுக்கணக்கில் 37.3 மாதம் வாழ்ந்தார்கள்; போடாதவர்கள் 20.6 மாதம். தடுப்பூசி புற்றுக்கும் மருந்தாகிறதா என்று கேள்வி கிளம்பிவிட்டது. அவசரப்படக் கூடாது. இது பழைய ஏடுகளைப் புரட்டிப் போட்ட கணக்கு. சீட்டுக் குலுக்கி இரண்டு பிரிவாக்கிச் செய்த சோதனை அல்ல. மேலும் நம் ஜனங்கள் பெரும்பாலும் போட்டுக்கொண்டது கோவிஷீல்டும் கோவாக்ஸினும். அவை அந்த வகை அல்ல.

இன்புளூயன்ஸா ஊசியில் கவனிக்க வேண்டியது இரண்டு. உயிருள்ள கிருமியை மூக்கில் தெளிக்கும் வகை இவர்களுக்கு உதவாது. செத்த கிருமியைக் கொண்டு செய்த ஊசிதான் வேண்டும். மற்றது காலம். வடநாட்டுக்கு ஒரு காலம், நமக்கு ஒரு காலம். காஷ்மீரத்தில் குளிர் மாதங்களில் இந்த ஜுரம் உச்சத்துக்குப் போகிறது; தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவ மழையோடு, அக்டோபர், நவம்பரில் ஏறுகிறது. திருப்பூருக்கு இதில் தனிச் சங்கடம். அதுதான் தீபாவளி. போனஸ் வாங்கினவர்களால் காதர்பேட்டையில் கால் வைக்க இடமிருக்காது. பீகாரிலிருந்தும் ஒரிஸ்ஸாவிலிருந்தும் வந்தவர்கள் ரெயில் பெட்டிகளில் நெருங்கியடித்துக்கொண்டு ஊர் போய்த் திரும்புகிறார்கள். ஒரே அறையில் ஆறு பேர், எட்டுப் பேர். ஜுரம் கண்டவர் லீவு போட்டால் ஷிப்ட் கூலி போகும். ஆகவே ஜுரத்தோடு வேலைக்கு வருவார். வைரஸுக்கு இதைவிட சௌகரியம் வேறு எங்கே கிடைக்கும்? புரட்டாசி பிறக்கும்போதே ஊசி போட்டுக்கொண்டால்தான் ஐப்பசிக்கு உடம்பு தயாராகும். நோயாளிக்கு மட்டுமல்ல, அந்த வீட்டில் பள்ளிக்கூடம் போகும் குழந்தைக்கும் சேர்த்து.

ஐம்பது கிலோமீட்டர் தூரம்

சங்கடத்தின் முடிச்சு இதுதான்: ஊசி போடுவது கோயமுத்தூரில், ஜுரம் வருவது திருப்பூரில். நடுவில் ஐம்பது கிலோமீட்டர். திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12-ல் திறக்கப்பட்டது. புற்றுநோய்ச் சிகிச்சை மையம் ஒன்று ஊரிலேயே வேண்டுமென்று பொதுமக்களும் தொழில் துறையினரும் 'நமக்கு நாமே' திட்டத்தில் பணம் சேர்க்க முன்வந்ததும் பாராட்டத்தக்கது. ஆனால் இந்தக் கஷ்டத்துக்குப் பெரிய கட்டிடம் மட்டும் விடையல்ல. ராத்திரி பதினோரு மணிக்கு மூச்சு வாங்கினால் எந்த நம்பருக்குப் போன் செய்வது என்பதுதான் கேள்வி.

இங்கிலாந்தில் இந்தச் சிகிச்சை பெறுபவர்களின் சட்டைப் பையில் ஒரு அட்டை இருக்கும். 'நான் இன்ன மருந்து பெறுகிறேன், எனக்கு இருமலோ வயிற்றுப்போக்கோ வந்தால் அது மருந்தால் வந்ததாக இருக்கலாம், இந்த நம்பரைக் கூப்பிடுங்கள்' என்று அதில் எழுதியிருக்கும். பார்க்கிற டாக்டர் யாரானாலும் அதைப் படித்துவிட்டுத்தான் ஊசியை எடுப்பார். தமிழில் ஒரு பக்கமும், ஹிந்தியில் மறு பக்கமும் அச்சடித்து இங்கும் கொடுக்கலாம். லேபிள் அச்சடிப்பதில் தேர்ந்த ஊருக்கு இது பெரிய வேலையா? 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டுவரும் பெண் ஊழியருக்கு, அந்தத் தெருவில் இந்தச் சிகிச்சை பெறுபவர் யாரென்று தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

வீட்டிலும் ஒரு கருவி தூங்குகிறது. 2021 மே மாதம் கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு ஜில்லாக்களில் கொரோனா கொடிகட்டிப் பறந்தபோது வீட்டுக்கு வீடு வாங்கின, விரலில் மாட்டும் பிராணவாயு மானி. புது பாட்டரி போட்டு, உட்கார்ந்த நிலையில் ஒரு தரமும், வீட்டுக்குள் நாலைந்து நிமிஷம் நடந்த பிறகு ஒரு தரமும் பார்க்க வேண்டும். 94-க்குக் கீழே போனாலோ, நடந்ததும் மூன்று நாலு புள்ளி இறங்கினாலோ, கோயமுத்தூருக்குப் போன் போட வேண்டும். காலை வரை காத்திருக்கக் கூடாது.

பணத்துக்கு வருவோம். தேசிய இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் பெரியவர்களுக்கு இன்புளூயன்ஸா ஊசி இல்லை. தனியாரிடம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. ஒரு டெய்லருக்கு அது இரண்டு மூன்று ஷிப்ட் கூலி. வீட்டில் நாலு பேருக்கு என்றால் வாரச் சம்பளம் காலி. இ.எஸ்.ஐ. சம்பள வரம்பு 2017 ஜனவரியில் 15,000 ரூபாயிலிருந்து 21,000 ஆக உயர்ந்தது. 2019 பிப்ரவரி 10-ல் திருப்பூருக்கென்றே ஒரு இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். தொழிலாளியிடமும் முதலாளியிடமும் மாதா மாதம் சந்தா வாங்கும் அந்த ஸ்தாபனம், புற்றுநோய்க்காரர் உள்ள வீடுகளுக்காவது வருஷம் ஒரு தரம் இந்த ஊசியைப் போட்டால் என்ன?

முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. 2021 மே 20-ந் தேதி, 18 முதல் 44 வயது வரையிலானவர்களுக்குக் கொரோனா தடுப்பூசி போடும் வேலையை முதல் மந்திரி ஸ்டாலின் தொடங்கி வைத்தது சென்னையில் அல்ல. திருப்பூர் நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்காவில்தான். அந்தப் பூங்காவும் இருக்கிறது, கம்பெனிகளும் இருக்கின்றன, தொழிலாளர் பட்டியலும் இருக்கிறது. புரட்டாசிக்கு முன்னால் மேஜை போட வேண்டியதுதான் பாக்கி.